கனம் பார்த்து வாங்கிய வில்

சண்முகவேல் அண்ணாச்சி தொட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கியவர் அல்ல. கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்ப்பார். புளி வாங்கினால் கிள்ளிப் பார்ப்பார். ரயிலில் ஏறினால்கூட, உட்காரும் பலகையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் உட்காருவார். இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் அவர் மனைவி பங்கஜம் பதில் சொல்வாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே உண்டு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாவ. இவுக மட்டும் எங்க வீட்டுத் திரைச்சீலைய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாவ."

"அது கலப்பு நூல்" என்பார் அண்ணாச்சி, இருபத்திரண்டு வருடம் கழித்தும். "உங்க அப்பாவ யாரோ நல்லா ஏமாத்திட்டான்."

தியாகராய நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் அவருடைய ஜவுளிக் கடை இருந்தது. பெரிய கடை என்று சொல்ல முடியாது. சின்னக் கடை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மாமா கடையில் துணி மடித்து, பிறகு தனியாகக் கடை போட்டவர். குட்டையான, அகலமான மனிதர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, வருகிறவர் பட்டு எடுப்பாரா பருத்தி எடுப்பாரா என்று கணித்துவிடுவார். அந்தக் கணிப்பை அவருடைய விற்பனையாளர் சிதம்பரநாதனுக்குக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். சிதம்பரநாதன் அதற்குத் தகுந்த அலமாரியைத் திறப்பார். இருவரும் பேசிக்கொள்ளாமலே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

பட்டைப் பற்றி அண்ணாச்சிக்கு ஒரே கொள்கைதான். கனம். புடவையைக் கையில் வாங்கி, மேலும் கீழும் ஒரு முறை தூக்கிப் பார்த்து, "கனம் பேசும்" என்பார். கனமான பட்டு நல்ல பட்டு, லேசான பட்டு லேசானவர்களுக்கு. இதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இந்தக் கொள்கைதான் பின்னால் அவர் தோள்பட்டையைப் பதம் பார்த்தது.

எழுபத்திரண்டாம் வருடம், மயிலாப்பூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் நிதி திரட்ட ஒரு திருவிழா நடத்தினார்கள். அந்தப் பள்ளிக்குச் சீருடைத் துணி கொடுப்பவர் என்பதால் அண்ணாச்சிக்கும் அழைப்பு வந்தது. பள்ளியின் விளையாட்டு ஆசிரியை நோரா டீச்சர் ஒரு மூலையில் வில் வித்தைக் கடை போட்டிருந்தார். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். நாற்பது வயதிலும் கயிறு தாண்டுவார். அவருடைய அண்ணன் ஆரோக்கியநாதன் துறவறம் பூண்டு, ராஞ்சிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் சகோதரராக இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் அந்த ஊர் மூங்கில் வில் ஒன்றைக் கையில் கொண்டுவருவார். அப்படிச் சேர்ந்த சிறுவர் வில்களைத்தான் டீச்சர் அன்று வரிசையாகச் சாத்திவைத்திருந்தார். வைக்கோலை உருட்டிக் கட்டி, அதன்மேல் காகிதம் ஒட்டி, காகிதத்தில் வட்டங்கள் போட்டிருந்தார். நடுவட்டம் மஞ்சள்.

"அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துக்காக ஒரு அம்பு விடுங்களேன்" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். வில்லை வாங்கினார். முதலில் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு இழுத்தார், விட்டார். அம்பு மஞ்சளின் நட்டநடுவில் போய் நின்றது.

சுற்றியிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் அசந்துபோனார்.

"இன்னும் ரெண்டு அம்பு இருக்கு, விடுங்க."

"எதுக்கு? அதான் பட்டுட்டுல்லா" என்று வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் அண்ணாச்சி.

அந்த ஒரு அம்போடு அவர் நின்றிருந்தால் ஆயுசுக்கும் குறி தவறாத வில்லாளியாக இருந்திருப்பார். எங்கள் தெருவில் யாரும் அதை மறுத்திருக்க முடியாது. ஆனால் அந்த மஞ்சள் வட்டம் அவரைத் தூங்கவிடவில்லை. கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், புடவை விரித்துக்கொண்டிருக்கும்போதே, "போன ஞாயித்துக்கிழமை ஒரு விஷயம் நடந்தது பாருங்க" என்று தொடங்கினார். சொல்லச் சொல்ல இலக்கு தூரமாகிக்கொண்டே போனது. ஒரு மாதத்தில் அது மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பார நீளத்துக்கு வந்துவிட்டது என்று சிதம்பரநாதன் சொல்வார்.

கடைசியில் டீச்சர் சீருடைத் துணிக்காகக் கடைக்கு வந்த ஒரு நாள், அண்ணாச்சி விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், எனக்குச் சொந்தமா ஒரு வில் வேணும். எங்க கிடைக்கும்?"

"பெரியவங்க வில்லா? மெட்ராஸ்ல எந்தக் கடையிலயும் கிடையாது அண்ணாச்சி. எங்க அண்ணன்கிட்டதான் எழுதிக் கேக்கணும். அவங்க மிஷன் பக்கத்துல தலைமுறை தலைமுறையா வில் செய்றவர் ஒருத்தர் இருக்கார்."

"அப்ப அங்க போய்த்தான் பாத்து எடுக்கணுமா?"

"ராஞ்சிக்கா? ரெண்டு ரயில் மாறி, அப்புறம் பஸ், அப்புறம் நடக்கணும். வேணாம், எழுதிக் கேட்டா அனுப்பிடுவாங்க."

அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. "தொட்டுப் பாக்காமலா?"

"தொட்டுப் பாக்காமதான்."

சிதம்பரநாதன் புடவை அடுக்கின் பின்னால் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

சகோதரர் ஆரோக்கியநாதனிடமிருந்து பதில் வந்தது. வில்காரரிடம் இப்போது மூன்று வில்கள் தயாராக இருக்கின்றன, மூன்றும் ஒரே மாதிரியான மூங்கில், ஒரே கை செய்தது, இழுக்கிற பளுவில்தான் வித்தியாசம் என்று எழுதியிருந்தார். வில்லை முழுதாக இழுத்துப் பிடிக்க, முதலாவதற்குப் பத்து கிலோ பலம் வேண்டும். இரண்டாவதற்குப் பதினைந்து. மூன்றாவதற்கு இருபத்திரண்டு. எது வேண்டும்? கூடவே ஒரு புகைப்படமும் இருந்தது. மிஷன் சுவரில் சாய்த்துவைத்த மூன்று கறுப்புக் கோடுகள்.

அண்ணாச்சி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு, வேறு வழி தெரியாமல், படத்தின் மேலேயே கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"என்ன நூல் அண்ணாச்சி?" என்று கேட்டார் டீச்சர்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "நீங்க எத எடுக்கச் சொல்லுதிய?"

"பத்து கிலோ. கண்ண மூடிக்கிட்டு அத எடுங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுவே அதிகம்."

இங்கேதான் அண்ணாச்சியின் வியாபார மூளை வேலை செய்தது. வந்தவருடைய முகத்தைப் பார்த்ததும் விலை குறைந்த சரக்கை எடுத்துப் போடுவது அவர் தினமும் செய்யும் காரியம். அதையே ஒருவர் தனக்குச் செய்வதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று தரம் இருக்கிறது, கடைசித் தரத்தை நமக்குக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு" என்றார்.

"அண்ணாச்சி, அது வில்லோட தரம் இல்ல. நீங்க இழுக்கற பளு. இருபத்திரண்டு கிலோ அரிசிய மூணு விரலால தூக்கி, தாடைக்கிட்ட வச்சு, அசையாம நின்னு குறி பாக்கறதா நெனச்சுக்குங்க. அது வேட்டைக்காரங்க வில்."

"கனம்னா கனம்தான் டீச்சர். தினம் பட்டுக் கட்டுத் தூக்குறவன் நான்."

சிதம்பரநாதனுக்கு இருமல் வந்தது. முதலாளி கடைசியாகப் பட்டுக் கட்டுத் தூக்கியது எந்த வருடம் என்று அவருக்குத்தான் தெரியும்.

அம்புகளை வெட்ட, கை நீட்டி அளவு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சிதம்பரநாதன் கடை டேப்பை எடுத்து முதலாளியின் மார்பிலிருந்து விரல் நுனிவரை அளந்தார். "ரெண்டு விரக்கடை கூடுதலாப் போட்டுக்கோ" என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு அண்ணாச்சி?"

யோசிக்காமல் பதில் வந்தது. "சுருங்கும்லா."

வில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பார்சலில் வந்து சேர்ந்தது. அண்ணாச்சியும் சிதம்பரநாதனும் டாக்சி பிடித்து எடுத்துவந்தார்கள். சாக்கில் சுற்றிய அந்த நீளக் கம்பு டாக்சிக்குள் அடங்கவில்லை. ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு மவுண்ட் ரோடு முழுவதும் வந்தது. சந்து முனையில் இறங்கும்போது, அங்கே வழக்கமாக நிற்கும் ரிக்‌ஷாக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, கட்சி கொடிக்கம்பமா? எந்தக் கட்சி?"

"வில்லுப்பா."

"வில்லா? யாரு மேல இம்மாம் கோவம்?"

வீட்டுக் கூடத்தில் சாக்கைப் பிரித்தார்கள். தேன் நிறத்தில், நெருப்பில் வாட்டி மினுமினுப்பேற்றிய மூங்கில். அண்ணாச்சி இரண்டு விரலால் தேய்த்தார். கணுக்களைத் தடவினார். கையில் வாங்கி மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். "பாத்தியா" என்றார் பங்கஜத்திடம், "சரக்குன்னா இது சரக்கு." அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நாண் ஒரு முனையில் மட்டும் கட்டியிருந்தது. வில்லை வளைத்து மறுமுனையில் மாட்ட வேண்டும். அண்ணாச்சி ஒரு முனையைத் தரையில் ஊன்றி அமுக்கினார். வில் அசையவில்லை. சிதம்பரநாதன் மறுபக்கம் பிடித்துத் தொங்கினார். கொஞ்சம் வளைந்தது. இந்தா மாட்டு என்று அண்ணாச்சி ஒரு கையை எடுத்த நொடியில் வில் துள்ளியது. சுவரில் இருந்த கடை காலண்டர் பறந்தது. காபி டம்ளர் உருண்டது. சிதம்பரநாதன் நாற்காலியில் போய் விழுந்தார். அந்த நாற்காலி அங்கே இருந்தது அவருடைய நல்ல காலம்.

சாயங்காலம் நோரா டீச்சர் வந்தார். வில்லின் கீழ்முனையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து, தொடைக்குப் பின்னால் வாங்கி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினார். நாண் மாட்டிக்கொண்டது.

"இப்ப இழுங்க. ஆனா ஒண்ணு, அம்பில்லாம இழுத்துட்டு நாண விட்டுடாதீங்க, வில்லு பொளந்துடும். மெதுவாத்தான் திருப்பிக் கொண்டுவரணும்."

அண்ணாச்சி இழுத்தார். ஒரு சாண் வந்தது. இன்னும் இழுத்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அதற்குமேல் வரவில்லை. விடவும் கூடாது. திருப்பிக் கொண்டுபோகவும் கையில் தெம்பில்லை. கூடத்தின் நடுவில், ஒரு சாண் இழுத்த வில்லோடு, கை கால் எல்லாம் நடுங்க அப்படியே நின்றார்.

"என்ன, படம் எடுக்கணுமா?" என்றாள் பங்கஜம். "நம்ம பக்கத்துல ஸ்டூடியோ இருக்கு, கூட்டிக்கிட்டு வரட்டா?"

டீச்சர்தான் ஓடிப்போய் நாணைப் பிடித்து மெதுவாகத் திருப்பிக் கொண்டுபோனார்.

அடுத்த இரண்டு வாரம் அண்ணாச்சி யாரிடமும் வில்லைப் பற்றிப் பேசவில்லை. கேட்டவர்களிடம் "மூங்கில் இன்னும் ஊரு காத்துக்குப் பழகல" என்றார். மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் கதவை ஒருக்களித்துவிட்டுச் சரக்கறைக்குள் போவார். உள்ளேயிருந்து முக்கலும் முனகலும் கேட்கும். சிதம்பரநாதன் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம், "முதலாளி பழைய சரக்கப் பிரிச்சிட்டு இருக்காவ" என்பார்.

ஒரு நாள் முக்கலுக்குப் பிறகு ஒரு அலறல் கேட்டது. அதன்பிறகு அண்ணாச்சியால் வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. வாடிக்கையாளருக்கு முந்தானை விரித்துக் காட்டுவதில் அவர் சூரர். இப்போது இடது கையால் விரித்தார். புடவை கோணலாகத் தொங்கியது. ஒரு அம்மாள், "இது அடிக்கரை கோணலா இருக்கே" என்று வேறு கடைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பங்கஜம் தோளில் வேப்பெண்ணெய் தடவிவிட்டாள். அவளுக்குச் சிரிக்கத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது மனசு வரவில்லை. மஞ்சள் வட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் களை வந்திருந்தது. அது இப்போது போய்விட்டிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "போன தையில, நம்ம கடையிலயே கனத்த பட்டா எடுத்துக்கிட்டுப் போனாளே, அந்தக் கோபாலபுரத்துப் பொண்ணு. முகூர்த்தத்துல என்ன ஆச்சு?"

அண்ணாச்சி முனகினார். "மூச்சு முட்டி உக்காந்துட்டா."

"புடவ மட்டமா?"

"யாரு சொன்னா? முதல் தரம்."

"பொறவு?"

"பிள்ளை பொடிசுல்லா. அந்த உடம்புக்கு அது தாங்காது."

பங்கஜம் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். அண்ணாச்சி தன் தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஏட்டி, நீ என்னைப் பொடிசுங்கியா?" என்றார்.

"வில்லுக்குத்தான் சொல்லுதேன். மத்ததுக்கு இல்ல."

மறுநாளே டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார். தோள் ஆறட்டும் என்று டீச்சர் காத்திருக்கச் சொன்னார். ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ஸ்பிரிங் தராசோடு வந்தார். அதன் வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி, கொக்கியில் கயிறு கட்டினார்.

"வில்லுக்குப் பதிலா இத இழுங்க. தாடைவரைக்கும் கொண்டுவந்து, மூச்சு விட்டு, நிறுத்திப் பிடிக்கணும். எவ்வளவு இழுக்க முடியுதுங்கறது கணக்கு இல்ல. எவ்வளவ நிம்மதியாப் பிடிக்க முடியுதுங்கறதுதான் கணக்கு."

அண்ணாச்சி இழுத்தார். முள் பதினாறுக்குப் போய், நடுங்கி, இறங்கி, பதினொன்றில் வந்து நின்றது. அங்கே அவரால் மூச்சுவிட முடிந்தது. பேசவும் முடிந்தது.

"பதினொண்ணு" என்றார் டீச்சர். "நல்ல அளவுதான்."

"தராசு சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"வியாபாரிகிட்ட தராசப் பத்திச் சொல்லாதிய. எதுக்கும் நீ இழுத்துப் பாரு" என்று பங்கஜத்தைப் பார்த்தார். தராசு பொய் சொல்கிறது என்று நிரூபிக்கத்தான் கூப்பிட்டார்.

பங்கஜம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். முள் பதினைந்தில் போய் நின்றது. நின்றபடியே, "டீச்சர், காபிக்குச் சர்க்கரை எத்தன போடட்டும்?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி முள்ளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிதம்பரநாதன் அன்று அங்கே இல்லாததை நினைத்துப் பின்னால் பல நாள் வருத்தப்பட்டார்.

"ஏன் பாக்கிய?" என்றாள் பங்கஜம். "நாலு வருசமா இந்தத் தெரு அடிபம்பு என் கையிலதான் தொங்குது. தண்ணி வராத காலத்துல நீங்களா வந்து அடிச்சிய?"

சகோதரர் ஆரோக்கியநாதனுக்கு மறுபடியும் எழுதினார்கள். இந்த முறை அண்ணாச்சி எதையும் கூட்டிச் சொல்லவில்லை. பலம் பதினொன்று, கை அளவு உள்ளது உள்ளபடி, சுருக்கத்துக்கு எதுவும் சேர்க்கவில்லை. பெரிய வில்லைத் திருப்பி அனுப்பலாமா என்றும் கேட்கச் சொன்னார். தன் கடையில் விற்ற துணியை அவர் திருப்பி வாங்கியதே இல்லை என்பதால் மிகவும் தயங்கித்தான் கேட்டார்.

பதில் இப்படி வந்தது. பத்து கிலோ வில் ஒரு பையனுக்குக் கொடுத்தாகிவிட்டது, பதினொன்றுக்கு வில்காரர் புதிதாகவே செய்து தருவார். பெரிய வில்லைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம், அங்கே காட்டுப்பன்றிக்குத் தேவைப்படும். ஆனால் வில்காரர் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். மெட்ராஸ்காரர் எதை வேட்டையாட அந்த வில்லை வாங்கினார்? ஒரு வைக்கோல் கட்டைத்தான் என்று நான் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். வைக்கோல் அவரை என்ன செய்தது என்று கேட்கிறார்.

டீச்சர் இதை வாசித்துக் காட்டியபோது அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார், தோள் வலித்தது, வலியோடும் சிரித்தார்.

பெரிய வில்லைத் திருப்பி அனுப்பப் பங்கஜம் சம்மதிக்கவில்லை. "கிடக்கட்டும்" என்றாள். காரணம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கொஞ்ச நாள் அதன்மேல் ஈர வேட்டி காய்ந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டுப் பதறினார். பிறகு காயவில்லை.

புது வில் வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. இம்முறையும் தொட்டுப் பார்க்காமல் வாங்கியதுதான். அண்ணாச்சி பார்சலைப் பிரித்தார். நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது, பழையதைவிட மெலிந்திருந்தது. கடையில் இப்படி ஒரு சரக்கு வந்திருந்தால் ஓரமாகத் தள்ளியிருப்பார். தூக்கிப் பார்க்கவில்லை, தேய்த்துப் பார்க்கவும் மறந்துவிட்டார். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி கணுக்காலில் முட்டுக்கொடுத்து நாண் ஏற்றினார். மாட்டிக்கொண்டது. இழுத்தார். நாண் தாடைவரைக்கும், கேட்டதும் வந்து உட்காரும் நல்ல பிள்ளை மாதிரி, வந்து நின்றது. அவர் மூச்சு விட்டார். வில்லும் அவரோடு மூச்சு விடுவது போல இருந்தது.

"வருது" என்றார்.

"வரத்தான செய்யும்" என்றாள் பங்கஜம். ஆனால் அவளும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் போகத் தொடங்கினார்கள். அப்போது அங்கே கோடு போட்டுப் பிரித்த மனைகள்தான் அதிகம், வீடுகள் குறைவு. எங்கு பார்த்தாலும் மணல். அண்ணாச்சி ஸ்கூட்டர் ஓட்டுவார். பின்னால் பங்கஜம் இரண்டு வில்லையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடையாறு பாலத்தில் போகும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நோரா டீச்சர் புதிதாக வந்திருந்த வேளாங்கண்ணி மாதா கோவிலில் முதல் பூசை பார்த்துவிட்டு, தலையில் முக்காட்டோடு நேரே மணலுக்கு வந்துவிடுவார்.

அண்ணாச்சியின் அம்புகள் முதல் ஒரு மாதம் வைக்கோல் இருக்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசைக்கும் போயின. வலை காயப்போட வந்த மீனவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், சுருட்டைப் பல்லில் கடித்தபடி, ஒவ்வொரு அம்புக்கும் கருத்துச் சொல்வார்.

"இன்னா நைனா, வைக்கோலுக்கு அடி படக்கூடாதுன்னு பாத்துக்கினுகீறியா?"

"காத்து தள்ளுது பெரியவரே."

"காத்து எங்களுக்கும்தான் கீது. மீனு வரலியா?"

மஞ்சள் வட்டம் அவருக்கு அதன்பிறகு அகப்படவே இல்லை. அம்பு ஓரத்தில் பட்டாலே போதும் என்ற நிலைக்கு வந்தார். ஒருநாள் தொடர்ந்து மூன்று அம்பு வைக்கோலில் நின்றது. மூன்றும் மூன்று மூலையில். அண்ணாச்சி வில்லை மணலில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் அந்த வாரம் யாரிடமும் தூரத்தைக் கூட்டிச் சொல்லவில்லை. "முப்பது அடி. மூணு அம்பு. வைக்கோலத் தாண்டல" என்று உள்ளதைச் சொன்னார். சிதம்பரநாதனுக்கு முதலாளியின் உடல்நிலை பற்றிக் கவலை வந்தது.

பங்கஜத்துக்குக் குறி பார்ப்பதில் அக்கறை இல்லை. வாரப் பத்திரிகையை எடுத்துவந்து குடை நிழலில் உட்கார்ந்து படிப்பாள். அவ்வப்போது எழுந்து, பெரிய வில்லை எடுத்து, நாணை மெதுவாக இழுத்து, மெதுவாகவே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடி படிப்பாள். முதலில் பாதிதான் வந்தது. தினம் விடியற்காலையில் வீட்டிலும் இழுத்துவந்தாள் போலிருக்கிறது. ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாண் அவள் தாடைவரை வந்து நின்றது.

"ஒரு அம்பு போடுங்க பங்கஜம்மா" என்று கெஞ்சினார் டீச்சர். "இவ்வளவு இழுத்துட்டு ஒண்ணுகூட விடலன்னா எப்படி?"

பங்கஜம் விட்டாள். அம்பு வைக்கோலுக்கு மேலே, வெகு மேலே போனது. மணலைத் தாண்டியது. யாரும் இல்லாத கடலுக்குள் போய் மறைந்தது. எல்லாரும் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"யக்கா, கப்பலுக்கா வுட்ட?" என்றார் சுருட்டுப் பெரியவர்.

பங்கஜத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. "இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்று பத்திரிகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி மட்டும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிதம்பரநாதன் முதல் ரிக்‌ஷாக்காரர் வரை எல்லாரிடமும் அந்த அம்பைப் பற்றிச் சொன்னார். இதில் மட்டும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். பங்கஜம் மறுக்கவில்லை.

அவர்கள் எய்துவந்த மனையில் எழுபத்தாறில் வீடு எழும்பியது. இரண்டு தெரு தெற்கே தள்ளிப் போனார்கள். அங்கேயும் யாரோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார்கள். இன்னும் தள்ளிப் போனார்கள். எழுபத்தெட்டு கடைசியில் திருவான்மியூர் பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் வைக்கோலை நிறுத்தியிருந்தார்கள். சுருட்டுப் பெரியவர் அவ்வளவு தூரம் வரவில்லை. அண்ணாச்சிக்கு அவர் இல்லாமல் எய்வது என்னவோபோல் இருந்தது. தவறவிட்ட ஒவ்வொரு அம்புக்கும் அரை நொடி காத்திருப்பார், யாராவது ஏதாவது சொல்வார்களா என்று.

அன்று ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பங்கஜம் சொன்னாள்: "டி. நகர்லேருந்து இங்க வந்து சேரதுக்குள்ளயே பாதி ஞாயித்துக்கிழமை போயிருது."

"இப்படியே வீடு கட்டிக்கிட்டே போனாங்கன்னா" என்று சிரித்தார் நோரா டீச்சர், முக்காட்டை எடுத்து மடித்தபடி, "அடுத்த வருஷம் நாம மகாபலிபுரத்துலதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கணுக்காலில் வில்லை முட்டுக்கொடுத்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"அங்க காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும் டீச்சர்?" என்று கேட்டார்.